நகரங்களின் நாளை: நான் கேட்ட சில சொற்பொழிவுகள்

எங்கள் ஊரில் சொற்பொழிவு என்றால் இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கேட்கும் பயான்தான். அதற்கு அடுத்தது தேர்தல் காலத்து மேடைப் பேச்சு. வீடு கட்டுவதைப் பற்றியும் வீதி அமைப்பதைப் பற்றியும் ஒருவர் பேசுவார், அதைக் கேட்கவும் ஆட்கள் இருப்பார்கள் என்று போன வருடம் யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். ஏனென்றால் வீடு கட்டுவதுதான் எங்கள் வாப்பாவின் தொழில். அவர் மேசன். சவூதியில் ஒன்பது வருடம், ஊரில் பதினைந்து வருடம். இத்தனை வருடத்தில் கட்டடத்தைப் பற்றி அவர் ஆற்றிய ஒரே சொற்பொழிவு சீமெந்து விலையைப் பற்றியதுதான்.

புவியியல் பாடத்தில் நகராக்கம் என்ற அலகைப் படித்தபோது ஒப்படைக்காகச் சில தரவுகளைத் தேடினேன். 1950இல் உலக மக்களில் நூற்றுக்கு 30 பேர் அளவில் நகரங்களில் வாழ்ந்தார்கள். 2007ஆம் ஆண்டளவில் அது பாதியைத் தாண்டியது. 2050இல் நூற்றுக்கு 68 ஆகும் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீடு. இலங்கைக்கு வந்தால் கதை வேறு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி எங்கள் நாட்டில் நகர மக்கள் நூற்றுக்கு 18.2 பேர்தான். அப்படியானால் மற்றவர்கள் எல்லோரும் வயலுக்கு நடுவிலா இருக்கிறார்கள்? இல்லை. மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பவர்கள் மட்டுமே நகரத்தவர்களாக எண்ணப்படுகிறார்கள். 1987இல் பட்டின சபைகளைப் பிரதேச சபைகளுடன் சேர்த்தபோது எத்தனையோ சிறு பட்டினங்கள் ஒரே நாளில் கிராமங்களாகிவிட்டன. காத்தான்குடி இன்று நகர சபை என்பதால் நாங்கள் நகரத்தவர் கணக்கில் இருக்கிறோம்.

இந்தத் தேடலின்போது எங்கள் ஆசிரியை சொல்லித்தான் பிபிசியின் ரீத் சொற்பொழிவுகளைப் பற்றி அறிந்தேன். பிபிசியின் முதல் பணிப்பாளர் நாயகம் ஜோன் ரீத்தின் பெயரில் 1948இல் தொடங்கப்பட்டவை அவை. முதல் ஆண்டு பேசியவர் தத்துவஞானி பேட்ரண்ட் ரசல். பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருவர், தான் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த விடயத்தைச் சாதாரண மக்களுக்கு விளங்கும்படி வானொலியில் பேசுவார். 1995இல் முதன்முறையாக ஒரு கட்டடக்கலைஞர் அழைக்கப்பட்டார். அவர் ரிச்சர்ட் ரொஜர்ஸ். ஐந்து சொற்பொழிவுகள், தலைப்பு, நிலைத்து நிற்கும் நகரம். இரண்டு வருடங்களுக்குப் பிறகு அவை நூலாகவும் வந்தன. பழைய ஒலிப்பதிவுகளைக் கைத்தொலைபேசியிலேயே இலவசமாகக் கேட்கலாம். ஆங்கிலம் எனக்குக் கொஞ்சம் இழுபறிதான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, அரை மணித்தியாலப் பேச்சை இரண்டு மணித்தியாலமாகக் கேட்டேன்.

ரொஜர்ஸ் 1933இல் இத்தாலியின் புளோரன்சில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். எழுத்துக்களை வாசிப்பதில் இடர்ப்பாடு தரும் டிஸ்லெக்சியா அவருக்கு இருந்தது. பாடசாலையில் மக்குப் பிள்ளையாகக் கணிக்கப்பட்டார். அந்தப் பிள்ளைதான் 2007இல் கட்டடக்கலையின் மிக உயர்ந்த பரிசான பிரிட்ஸ்கரைப் பெற்றது. (பரீட்சைப் பெறுபேறு வந்த நாளில் அழுகிற தோழிகளுக்காக இதை எழுதி வைக்கிறேன்.)

அவர் முன்வைத்த வாதத்தை என் மொழியில் சொல்கிறேன். நகரம்தான் பூமியின் வளங்களை அதிகமாக விழுங்குகிறது. புகையையும் கழிவையும் அதிகமாகக் கக்குவதும் அதுவே. அதற்காக நகரத்தை விட்டு ஓட முடியாது. ஆகவே நகரத்தைத் திருத்த வேண்டும். அதைக் கெடுத்ததில் பெரும்பங்கு காருக்கு உண்டு. வசிப்பது ஓரிடம், வேலை இன்னோரிடம், கடை வேறோரிடம் என்று பிரித்துப் பிரித்துப் போட்டதால் நகரம் பரந்துகொண்டே போகிறது. ஒரு இறாத்தல் பாண் வாங்கவும் வாகனம் வேண்டியிருக்கிறது. இதற்கு மாற்றாக அவர் சொன்னது நெருக்கமான நகரம். வீடு, வேலைத்தலம், கடை, பாடசாலை எல்லாம் நடந்து போகும் தூரத்தில் ஒன்றோடொன்று கலந்திருக்க வேண்டும். பொது இடங்களிலும் இரண்டு வகையை அவர் பிரித்துக் காட்டுகிறார். இந்தப் பிரிவு மைக்கல் வோல்சர் என்ற அரசியல் சிந்தனையாளருடையது. ஒன்று, ஒரே நோக்கத்துக்காக அமைக்கப்பட்ட இடம்: நெடுஞ்சாலை, வாகனத் தரிப்பிடம், சுப்பர் மார்க்கட். அங்கே நாம் அவசரத்தில் இருப்போம். மற்றது, பல நோக்கங்களுக்கும் திறந்திருக்கும் இடம்: சந்தை, பூங்கா, சதுக்கம், கலகலப்பான தெரு. அங்கே நாம் அடுத்த மனிதனின் முகத்தைப் பார்ப்போம்.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் ஒழுங்கைதான் நினைவுக்கு வந்தது. டொனால்ட் அப்பிள்யார்ட் என்ற ஆய்வாளர் 1969இல் அமெரிக்காவின் சன் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டார். ஒரு தெருவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 வாகனங்கள் ஓடின, இன்னொன்றில் 16,000. வாகனம் குறைந்த தெருவில் வாழ்ந்த ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்கள் இருந்தார்கள். வாகனம் கூடிய தெருவில் ஒருவர்கூடத் தேறவில்லை: 0.9. எங்கள் ஒழுங்கையில் ஒரு முச்சக்கர வண்டி நுழைந்தால் எதிரே வரும் சைக்கிள் யாருடைய வாசலுக்காவது ஏற வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் உம்மாவுக்கு எத்தனை கூட்டாளிகள் இருக்க வேண்டும் என்று நீங்களே யோசியுங்கள். எங்கள் வீட்டில் இன்று என்ன கறி என்பது அஸருக்கு முன்பே ஒழுங்கையின் தலைப்புக்குப் போய்விடும்.

அப்படியானால் ரொஜர்ஸ் கனவு கண்ட நகரம் எங்கள் ஊர்தானா? கிழக்கே கடல், மேற்கே வாவி, வடக்கே நாவற்குடா, தெற்கே ஆரையம்பதி. சுனாமிக்குப் பின் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று முதலில் அறிவித்து, பிறகு தளர்த்தினார்கள். ஊர் எந்தப் பக்கமும் நகர இடமில்லை. பள்ளிவாசல், பாடசாலை, சந்தை எல்லாம் நடந்து போகும் தூரத்தில்தான். ஆனால் அவர் அடர்த்தி வேறு, நெரிசல் வேறு என்கிறார். தொழிற்சாலைகள் பெருகிய காலத்து நகரங்களில் மக்கள் நோயால் மடிந்ததற்குக் காரணம் நெருக்கமாக வாழ்ந்தது மட்டுமல்ல. காற்றும் வெளிச்சமும் சுத்தமான நீரும் இல்லாமல் நெருக்கமாக வாழ்ந்ததுதான். நான் கொப்பியை மூடிவிட்டு எங்கள் வளவைப் பார்த்தது இந்த இடத்தில்தான்.

எங்கள் வளவு 16 பேர்ச். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. ஆகவே மொத்தம் 4,356 சதுர அடி. சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் சரியாக 66 அடி. மூத்தும்மாவின் காலத்தில் இதில் ஒரே ஒரு வீடு, கிடுகு வேலி, கிணறு, மாமரம். எங்கள் பகுதியில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் நடக்கும். எனக்கு இரண்டு ராத்தாமார். முன்வீடு பெரிய ராத்தாவுக்குப் போய்விட்டது. நாங்கள் இருக்கும் பின்வீடு சின்ன ராத்தாவுக்குப் பேசியாயிற்று. மிஞ்சியிருக்கும் ஐந்து பேர்ச்சில் எனக்கு ஒரு வீட்டுக்கு அத்திவாரம் போட வாப்பா நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். கிணறும் மாமரமும் அந்த ஐந்து பேர்ச்சுக்குள்தான் நிற்கின்றன. எனக்கு இன்னும் உயர்தரப் பரீட்சையே முடியவில்லை என்பது வேறு விடயம்.

கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்று சுகாதாரப் பாடத்தில் படிக்கிறோம். 66 அடி வளவுக்குள் மூன்று குடும்பத்துக்கு மூன்று குழி வெட்டினால் அந்த 50 அடியை எங்கே தேடுவது? எங்களுடையது மணல் தரை வேறு. ஏற்கனவே எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்திவிட்டோம். பூ மரங்களுக்கும் உடுப்புக் கழுவவும், குழாய் நீர் நிற்கும் நாட்களில் எல்லாவற்றுக்கும் அதுதான். இரண்டு வீட்டுச் சுவர்களுக்கும் இடையே இரண்டரை அடி. பெரிய ராத்தாவின் அறை யன்னலும் எங்கள் அறை யன்னலும் நேருக்கு நேர். மச்சான் வீட்டில் இருக்கும்போது நாங்கள் திறக்க முடியாது. நாங்கள் இருக்கும்போது அவர்கள் திறக்க முடியாது. ஆகவே இரண்டுமே திறப்பதில்லை. பகலிலும் லைட், பகலிலும் ஃபேன்.

இந்தக் கேள்வியோடுதான் நான் நூறு வருடம் பின்னால் போனேன். ரொஜர்ஸுக்கு முன்னரே நகரத்தைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசிய மனிதர் ஒருவர் இருந்தார். பற்றிக் கெடிஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். 1854இல் பிறந்தவர், படித்தது உயிரியல். திருமணம் முடித்த புதிதில் எடின்பரோவின் பாழடைந்த குடியிருப்பொன்றில் மனைவியுடன் போய்க் குடியேறி, அயலவர்களையும் சேர்த்துக்கொண்டு முற்றத்தைக் கூட்டி, சுவருக்கு வெள்ளையடித்து, அந்த இடத்தை மெல்ல மெல்லத் திருத்தியவர். பிறகு வரைபடங்களும் படங்களும் நிறைந்த நகரக் கண்காட்சி ஒன்றைத் தயாரித்து, அதன் முன் நின்று மக்களுக்கு விளக்கவுரை ஆற்றிக்கொண்டே நாடு நாடாகப் போனார்.

1914இல், 60 வயதில், அந்தக் கண்காட்சியைச் சென்னைக்குக் கொண்டுவரப் புறப்பட்டார். அவர் ஒரு கப்பலில், கண்காட்சிப் பொருட்கள் கிளான் கிராண்ட் என்ற இன்னொரு கப்பலில். அது முதலாம் உலகப் போர்க் காலம். இந்து சமுத்திரத்தில் திரிந்த ஜேர்மன் போர்க்கப்பல் ஒன்று கிளான் கிராண்டை மூழ்கடித்துவிட்டது. அந்தப் போர்க்கப்பலின் பெயர் எம்டன்! அதே ஆண்டு செப்ரெம்பர் 22ஆம் திகதி இரவு சென்னையின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டு எரித்த அதே எம்டன். எமகாதகனான ஒருவனை மூத்தவாப்பா, “அவன் ஒரு எம்டன்” என்று சொல்வார். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றுவரை தெரியாது. ஆயுளெல்லாம் சேர்த்தது கடலுக்குள் போன பிறகும் கெடிஸ் திரும்பிப் போகவில்லை. நண்பர்கள் புதிதாகச் சேகரித்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி திறந்தது.

அதன் பின்னர் அவர் தஞ்சாவூர், மதுரை போன்ற நகரங்களின் ஒழுங்கைகளில் கால்நடையாகத் திரிந்து அறிக்கைகள் எழுதினார். அக்காலத்துப் பொறியியலாளர்கள் ஒரு நெரிசலான பகுதியைக் கண்டால் படத்தில் அடிமட்டத்தை வைத்து நேர்கோடு ஒன்று இழுப்பார்கள். கோட்டில் அகப்பட்ட வீடுகள் எல்லாம் இடிபடும். வீடிழந்தவர்கள் பக்கத்துத் தெருவில் போய் நெருங்குவார்கள். நெரிசல் தீராது, இடம் மாறும். கெடிஸ் இதை எதிர்த்தார். முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள், பிறகு கத்தியை எடுங்கள் என்பது அவருடைய வழி. பாழடைந்த ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சிறு வெளியாக விட்டு, ஒரு மரத்தை நட்டால் சுற்றியுள்ள இருபது வீடுகளுக்குக் காற்று வரும். காப்பாற்றும் சத்திரசிகிச்சை என்று அதற்குப் பெயர் வைத்தார். நுளம்பு பெருகுகிறது என்று குளங்களை மூட வந்த அதிகாரிகளோடும் அவர் வாதாடினார். குளத்தைச் சுத்தம் செய்து மீனும் தாராவும் விடுங்கள், அவை நுளம்புக் குடம்பிகளைத் தின்றுவிடும் என்றார். உயிரியல் படித்தவரல்லவா!

கெடிஸ் எங்கள் நாட்டுக்கும் வந்தார். 1921இல் கொழும்புக்கான நகரத் திட்ட அறிக்கையை எழுதினார். மரங்கள் நிறைந்த தோட்ட நகரமாகக் கொழும்பை அவர் கண்டார். அவருடைய அறிக்கைகளில் பல அலுமாரிகளுக்குள்ளேயே உறங்கின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பேச்சுக்கு உடனே பலன் கிடைப்பதில்லை. ரொஜர்ஸ் இந்த விடயத்தில் அதிர்ஷ்டசாலி. சொற்பொழிவுக்கு மூன்று வருடங்களில் பிரித்தானிய அரசாங்கம் நகரங்களைப் பற்றி ஆராயும் குழுவொன்றுக்கு அவரையே தலைவராக்கியது. கைவிடப்பட்ட பழைய தொழிற்சாலை நிலங்களில் முதலில் கட்டுங்கள், வயல்வெளிகளைத் தொடாதீர்கள் என்று 1999இல் அந்தக் குழு அறிக்கை தந்தது. அதே ரொஜர்ஸின் நிறுவனம்தான் பின்னாளில் இலண்டனில் கோடீஸ்வரர்கள் மட்டுமே வாங்கக்கூடிய ஹைட் பார்க் அடுக்குமாடி வீடுகளையும் வடிவமைத்தது. இதை வாசித்தபோது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பேச்சுக்கும் செயலுக்கும் உள்ள தூரம் எங்கள் ஊர் மேடைகளுக்கு மட்டும் சொந்தமில்லைப் போலும்.

இந்தச் சொற்பொழிவுகளில் பெண்கள் எங்கே என்று தோழி ஒருத்தி கேட்டாள். இருக்கிறார்கள். எங்கள் நாட்டு மினெட் டி சில்வா 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினரானார். அந்தத் தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவர். கண்டி வட்டபுளுவவில் அரச ஊழியர்களுக்கான வீடமைப்புத் திட்டத்தைச் செய்தபோது, குடிவரப் போகிறவர்களிடம் முதலிலேயே வினாக்கொத்துக் கொடுத்து அவர்களின் தேவையைக் கேட்டார். இன்று இது சாதாரணமாகத் தெரியலாம். 1950களில் குடியிருக்கப் போகிறவர்களை யார் கேட்டார்கள்?

இன்னொருவர், பங்களாதேஷின் மரீனா தபஸ்ஸும். டாக்காவில் அவருடைய பாட்டியார் பள்ளிவாசல் கட்டுவதற்கென்று காணி கொடுத்தார். பேத்தி அதை வடிவமைத்தார். குப்பாவும் இல்லை, மினாராவும் இல்லை. வெறும் செங்கல். முகட்டின் சிறு துவாரங்களால் வெளிச்சம் தரையில் புள்ளி புள்ளியாக விழும். செங்கல் இடைவெளிகளால் காற்று வரும். 2012இல் கட்டி முடிந்த அந்தப் பைத்துர் ரஊப் பள்ளிவாசலுக்கு 2016இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. ஆற்று மணல் திட்டுகளில் வாழும் ஏழைகளுக்காக, வெள்ளம் வந்தால் கழற்றி எடுத்துப் போகக்கூடிய மூங்கில் வீட்டையும் அவர் வடிவமைத்தார். 2021இல் இலண்டன் சோன் அருங்காட்சியகத்தின் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. பதக்கம் பெறுபவர் பொதுச் சொற்பொழிவு ஒன்றும் ஆற்ற வேண்டும் என்பது வழமை. அந்தப் பதக்கத்துக்குப் பெயர் தந்த சேர் ஜோன் சோன் யார் தெரியுமா? ஒரு மேசனின் மகன். கட்டடக்கலைப் பேராசிரியராகி இலண்டனில் விரிவுரை நடத்தியவர். உயிரோடிருந்த இன்னொரு கலைஞரின் கட்டடத்தை 1810இல் விரிவுரையில் குறை சொன்னதற்காக அவருடைய விரிவுரைகளையே நிறுத்தி வைத்தார்களாம். வாப்பாவிடம் இதைச் சொன்னேன். “மேசன்ட மகன் வாய் வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டான்” என்றார். மேசனின் மகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நான் பென்சிலை எடுத்தது அதற்குப் பிறகுதான். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலும் பழைய சிங்கள வீடுகளிலும் நடுவில் முற்றம் உண்டு. வெளிச்சுவர் மூடியிருக்கும், யன்னல்கள் உள்முற்றத்தைப் பார்த்துத் திறக்கும். பர்தாவும் பேணப்படும், காற்றும் வரும். ஜெப்ரி பாவா 1960களில் கொழும்பின் சிறிய காணியொன்றில் ஏனா டி சில்வாவுக்கு இப்படித்தான் முற்றம் வைத்து வீடு கட்டிக் கொடுத்தார். ஆகவே எனது திட்டம் இது: எனக்கென்று தனியாக அத்திவாரம் வேண்டாம். பின்வீட்டுக்கு மேலே, வெளிப்படியோடு ஒரு மாடி. கிணறும் மாமரமும் உள்ள ஐந்து பேர்ச்சும் மூன்று வீட்டுக்கும் பொது முற்றம். எல்லா அறைகளுக்கும் அந்தப் பக்கம் யன்னல். மூன்று குழிக்குப் பதிலாக, கிணற்றிலிருந்து மிகத் தூரமான முன்மூலையில் எல்லோருக்கும் ஒரே பெரிய குழி.

வாப்பா படத்தை மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். பாரிஸ் பொம்பிடு நிலையத்தின் கதையை அவருக்குச் சொன்னேன். 1971இல் நடந்த போட்டிக்கு 681 திட்டங்கள் வந்தன. ரொஜர்ஸும் ரென்சோ பியானோவும் தங்கள் திட்டத்தில் கிடைத்த காணியில் பாதியைக் கட்டடமே இல்லாமல் மக்களுக்கான சதுக்கமாக விட்டார்கள், அவர்கள்தான் வென்றார்கள் என்றேன்.

“பாதிக் காணிய சும்மா விட்டவனுக்கு விசரா புள்ள? அது அரசாங்கத்துட காணி. இது ஒன்ட காணி” என்றார் வாப்பா.

உம்மா நேரடியாக விடயத்துக்கு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் தனி வீடு, தனிக் கேற், தனி உறுதி கேட்பார்கள். மாடியைக் காட்டினால் ஒத்துக்கொள்வார்களா? நாளைக்கு மச்சான்மாருக்குள் மனஸ்தாபம் வந்தால் பொது முற்றத்தில் யார் நிற்பது? என்னிடம் இதற்குப் பதில் இல்லை. ரொஜர்ஸிடமும் இல்லை, அவருடைய ஐந்து சொற்பொழிவுகளிலும் சீதன வீடு வரவில்லை. கட்டடக்கலை படிக்க மொறட்டுவைக்குப் போக வேண்டும், உளச்சார்புப் பரீட்சை ஒன்றும் எழுத வேண்டும் என்று நான் சொன்னதற்கும் அன்று பதில் கிடைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வாப்பா நூலும் கட்டையும் எடுத்துக்கொண்டு வளவுக்குப் போனார். மட்டம் பார்த்தார். மாமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். பின்வீட்டுத் தூண்களைத் தட்டிப் பார்த்து, “இது மாடி தாங்காது. நாலு தூண் புதுசா எழுப்பணும். கம்பி என்ன விலை விக்கிது தெரியுமா?” என்றார். தெரியாது என்றேன்.

“படிக்கிற புள்ள விலையும் கேட்டுட்டு வரணும்” என்று சொல்லிவிட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் அடித்திருந்த கட்டையைப் பிடுங்கி, நூலைச் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அது இன்னும் சமையலறை யன்னல் கட்டில்தான் இருக்கிறது. நான் கம்பி விலை கேட்கப் பஜாருக்குப் போக வேண்டும்.